லிக்கியக் கரை: மணல், கூழாங்கல், நெருப்பு

2024 செப்டம்பர் 14, சனி. கெலெமிஷ்

துருக்கிக்குப் போகிறோம் என்றதும் எல்லோரும் "இஸ்தான்புல்லா?" என்றார்கள். இல்லை என்றால், "அப்படியானால் கப்படோக்கியாவில் பலூனா?" என்றார்கள். இரண்டும் இல்லை. நாட்டின் தென்மேற்கு மூலையில், ஃபெத்தியேவுக்கும் அந்தால்யாவுக்கும் நடுவே, தோரோஸ் மலைகள் நேராகக் கடலில் கால் வைக்கும் ஒரு கரை இருக்கிறது. பழங்காலத்தில் அதன் பெயர் லிக்கியா. மலைகள் இடம் கொடுக்காததால் அகலமான சாலை நெடுங்காலம் வரவில்லை. சாலை வராததால் பெரிய ஓட்டல்களும் அதிகம் வரவில்லை. அக்காவுக்கு இந்த விளக்கமே போதுமானதாக இருந்தது. "கூட்டம் இருக்காதல்லவா? வருகிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

முதல் இரவு கெலெமிஷ் என்ற கிராமத்தில். பட்டாரா கடற்கரைக்கு மிக அருகில் இருக்கும் ஊர் இதுதான், ஆனால் இங்கிருந்தும் கடல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கிடப்பது பழைய நகரத்தின் இடிபாடு. அதனால் கரையோரம் கட்டடம் கட்ட அனுமதி இல்லை. ஊரில் கோழிகள், மாதுளை மரங்கள், பத்துப் பதினைந்து விடுதிகள், ஒரு மசூதி. அவ்வளவுதான்.

இரவு உணவுக்கு கோஸ்லேமே. விடுதிக்கார அம்மாவின் மாமியார் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழங்கால் உயர வட்டப் பலகையில் மாவைத் தேய்த்தார். கட்டை விரல் பருமன்கூட இல்லாத நீளக் குச்சி. மாவைக் குச்சியில் சுற்றுவார், உள்ளங்கையால் ஒரு தள்ளு, விரிப்பார், கால் வட்டம் திருப்புவார், மறுபடி சுற்றுவார். பத்து சுற்றில் பலகையின் விளிம்பைத் தாண்டி மாவு தொங்கியது. கீழே இருந்த மரத்தின் ரேகை அதன் வழியே தெரிந்தது. நடுவில் கீரையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தூவி மடித்துக் கவிழ்ந்த இரும்புத் தட்டின் மேல் போட்டார். விலை 150 லிரா. ஒரு லிரா அப்போது ஏறத்தாழ இரண்டரை ரூபாய். அக்கா கொண்டுவந்திருந்த இட்லிப் பொடியை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு இன்னொரு முறையும் தொட்டார்.

செப்டம்பர் 15, ஞாயிறு. பட்டாரா

"கடலுக்கும் டிக்கெட்டா?" என்று அக்கா வாயிலிலேயே நின்றுவிட்டாள். மெரீனாவில் எவனாவது டிக்கெட் கேட்டிருக்கிறானா என்பது அவள் கட்சி. டிக்கெட் உண்மையில் கடலுக்கு அல்ல, தொல்லியல் தலத்துக்கு. ஆனால் கடலுக்குப் போகும் தார்ச்சாலை அதன் வழியேதான் போகிறது என்பதால் வேறு வழியில்லை.

வழியில் முதலில் வருவது மூன்று வளைவுகள் கொண்ட நகர வாயில். கி.பி. 100 வாக்கில் கட்டியது. அதைத் தாண்டி நாடக அரங்கு, அதன் பக்கத்திலேயே லிக்கியக் கூட்டமைப்பின் மன்றம். பழுதுபார்த்துக் கல் இருக்கைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். 23 நகரங்கள் சேர்ந்த அந்தக் கூட்டமைப்பில் பெரிய நகரங்களுக்கு மூன்று வாக்கு, நடுத்தர நகரங்களுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். 1780களில் அமெரிக்க அரசியல் சட்டத்துக்காக வாதாடியவர்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். அக்கா மேல் வரிசையில் உட்கார்ந்து யோசித்தாள். "அப்போதும் தொகுதிப் பங்கீட்டில் சண்டை வந்திருக்கும். சின்ன ஊர்க்காரன் சும்மா இருந்திருப்பானா?"

நகரம் செத்ததற்குக் காரணம் சண்டை அல்ல, மணல். துறைமுகம் தூர்ந்துபோய் இன்று நாணல் மண்டிய சதுப்பாகக் கிடக்கிறது. அதே மணல்தான் இப்போது ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரையாக விரிந்திருக்கிறது. மத்தியதரைக் கடலின் மிக நீளமான மணற்கரைகளில் இதுவும் ஒன்று. நுழையும் இடத்தில் ஒரு சிற்றுண்டிக் கடை, சில வரிசைக் குடைகள். அதைத் தாண்டி அரை மணி நேரம் நடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லை. ஒரு கரையில் ஆளே இல்லாமல் நின்றது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

காலையில் கடல் அசையவே இல்லை. தண்ணீர் தோளுக்கு வர வெகுதூரம் நடக்க வேண்டும். நீந்தத் தெரியாத அக்கா முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு என்று முன்னேறி அங்கேயே நின்று முழுக்குப் போட்டாள். நம் வங்கக் கடலைவிட இங்கே உப்பு அதிகம். உதடு உடனே எரிகிறது, உடம்பு தானாக மேலே வருகிறது.

பிற்பகல் இரண்டு மணிக்குக் காற்று எழுந்ததும் எல்லாம் தலைகீழ். மணல் கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தியது. பக்கத்துக் குடும்பத்தின் குடை பிடுங்கிக்கொண்டு உருண்டோட, அதன் பின்னால் அப்பா, அவர் பின்னால் இரண்டு பையன்கள், அவர்கள் பின்னால் ஒரு நாய். குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர் மூச்சு வாங்க எங்களுக்கும் தர்பூசணித் துண்டு நீட்டினார். மணலோடுதான் தின்றோம்.

மேல் மணலில் அங்கங்கே கம்பிக் கூடுகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கீழே பெருந்தலை ஆமையின் முட்டைகள். மே முதல் அக்டோபர் வரை இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை கரையில் யாரும் இருக்கக் கூடாது. எங்கள் திருவான்மியூர்ப் பக்கம் பங்குனி ஆமை வரும் மாதங்களில் மாணவர்கள் நள்ளிரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். தெருவிளக்கும் நாய்களும் உள்ள கரையில் வேறென்ன செய்ய முடியும்? இங்கே முட்டை இட்ட இடத்திலேயே இருக்கிறது. மனிதர்களைத்தான் எடுத்துப் போகிறார்கள். ஏழரை மணிக்கு ஒரு காவலர் கரையோரமாக வந்தார். விசில் இல்லை, அதட்டல் இல்லை. ஒவ்வொரு கும்பலிடமும் நின்று, வானத்தைக் காட்டி, கைக்கடிகாரத்தைக் காட்டி, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். சூரியன் மறைந்த பிறகு கரையில் உட்காரலாம் என்று வந்த எனக்கு எரிச்சல்தான். அந்த ஆள் அப்படிக் குனிந்த பிறகு யாரிடம் எரிச்சலைக் காட்டுவது?

செப்டம்பர் 16, திங்கள். கபுத்தாஷ்

பெட்டிகளைக் காஷ் நகரத்து விடுதியில் போட்டுவிட்டு, வந்த வழியே இருபது கிலோமீட்டர் திரும்பிப் போனோம். கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலை. ஒரு திருப்பத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து கைப்பேசியை ஜன்னலில் ஒட்டினார்கள். கீழே, ஒரு மலையிடுக்கு கடலில் முடியும் இடத்தில், சின்னஞ்சிறிய கரை. தண்ணீரின் நிறத்தைச் சொல்வதற்கில்லை. படத்தில் பார்த்தபோது கணினியில் ஏற்றிய நிறம் என்று நினைத்திருந்தேன்.

சாலையிலிருந்து கரைக்கு 187 படி என்கிறார்கள். இறங்கும்போது யாரும் எண்ணுவதில்லை. பட்டாராவுக்கு நேர் எதிரான இடம் இது: மணலோடு பொடிக் கூழாங்கல் கலந்த தரை, நாலு எட்டு வைத்தால் ஆழம், மேலே இதமான வெந்நீர், காலடியில் பாறை ஊற்றிலிருந்து வரும் குளிர்ந்த நீர். மதியத்துக்கு மேல் அலை கரையில் வந்து விழுந்து, திரும்பும்போது கூழாங்கற்களை உருட்டி இழுக்கும் சத்தம் மலையிடுக்கில் எதிரொலிக்கிறது.

அந்த அலைகளில் ஒன்று அக்காவின் செருப்பை எடுத்துக்கொண்டது. ஒன்றை மட்டும். மற்றொன்றை அவள் கையில் பிடித்துக்கொண்டு, "இதையும் கொண்டு போ, எனக்கு எதற்கு?" என்று கடலைப் பார்த்துக் கத்தினாள். மூன்று மணி வெயிலில் அத்தனை படிகளும் கொதித்துக்கொண்டிருந்தன. நான்காவது படியில் அவள் துள்ளியதைப் பார்த்துவிட்டு, மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பி வந்தார். தேநீர்க் குடுவையும் நாலைந்து கண்ணாடி டம்ளரும் வைத்திருந்த கூடையைப் படியில் இறக்கினார், தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அக்காவின் முன் ஜோடியாக வைத்தார், கூடையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஏறத் தொடங்கிவிட்டார். நாங்கள் "வேண்டாம், வேண்டாம்" என்றது அவர் காதில் விழவில்லை, அல்லது விழாதபடி நடந்தார். மேலே போய்ச் செருப்பைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு அதற்கு ஒரு டம்ளர் தேநீரும் ஊற்றிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன். முகம் சுருங்கிவிட்டது. அக்கா சட்டென்று பையிலிருந்து கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள், அதை வாங்கிக்கொண்டார்.

மாலையில் காஷ் கடைத்தெருவில் 250 லிராவுக்குத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டு நடக்கும் ரப்பர் காலணி வாங்கினோம். இந்தக் கரைக்கு வருபவர்கள் இதை முதலில் வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

செப்டம்பர் 17, செவ்வாய். காஷ்

இந்த ஊரில் கடற்கரை என்று சொல்வதே கொஞ்சம் மிகை. பாறைகளின் மேல் மரப்பலகை மேடை போட்டு, நீச்சல் குளத்தில் இருப்பதுபோல ஓர் இரும்பு ஏணியைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். ஏணியைப் பிடித்து இறங்கினால் முதல் கணத்திலேயே தரை இல்லை. எனக்குப் பிடித்தது, அக்கா மேடையிலேயே உட்கார்ந்து எதிரே தெரிந்த மெயிஸ் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கிரேக்க நாடு. கண்ணெதிரே வீடுகள் தெரிகின்றன, ஆனால் போக விசா வேண்டும்.

இரவு துறைமுகத்தருகே ஓர் உணவகத்தில் மீன் கேட்டோம். எடைக்கு விலை என்று சொல்லவில்லை, எடையையும் காட்டவில்லை. பில் வந்தபோது ஒரு மீனுக்கு 1,400 லிரா. பக்கத்து மேசை ஜெர்மானியர்களும் அதே முகத்தோடு அதே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெருவில், நடுச்சாலையில் நிற்கும் கல் சவப்பேழையின் அடியில், ஒரு பூனை எங்கள் மீனைவிடப் பெரிய மீனைத் தின்றுகொண்டிருந்தது. இலவசமாக.

செப்டம்பர் 18, புதன். கெக்கோவா

ஊச்சாஸ் என்ற குட்டித் துறையிலிருந்து படகு. ஆளுக்கு 1,000 லிரா, மதியச் சாப்பாடு சேர்த்து. கெக்கோவாத் தீவின் வட விளிம்பில் இருந்த ஊர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் பாதி கடலுக்குள் இறங்கிவிட்டது. பாறையில் வெட்டிய படிகள் வரிசையாக இறங்கித் தண்ணீருக்குள் தொடர்கின்றன. ஒரு சுவர், ஒரு வாசல் நிலை, உடைந்த சாடிகளின் கழுத்துகள். இங்கே நீந்தவும் நங்கூரம் போடவும் தடை. படகுக்காரர் எஞ்சினை மெதுவாக்கி ஓரமாக ஓட்டினார். பயணி ஒருவர் "ஒரே ஒரு நிமிடம் குதித்துக்கொள்கிறேன்" என்று சட்டையைக் கழற்ற, படகுக்காரர் சிரித்துக்கொண்டே அவருடைய சட்டையை எடுத்து மறுபடி தோளில் போட்டுவிட்டார். இவர் போன்ற ஆட்கள் இருப்பதால்தான் தண்ணீருக்கடியில் சாடிக் கழுத்துகளாவது மிச்சம் இருக்கின்றன.

எதிர்க்கரையில் கலேக்கோய். சாலையே இல்லாத ஊர். படகில் வர வேண்டும், இல்லையென்றால் மலைமேல் நடந்து வர வேண்டும். கோட்டைக்குள் ஒற்றைப் பாறையைக் குடைந்து செய்த அரங்கு இருக்கிறது, ஏழே வரிசை. கீழே துறையோரம் ஒரு சவப்பேழை கடலுக்குள் தனியாக நிற்கிறது. குழந்தைகள் அதைச் சுற்றி நீந்துகிறார்கள். வீட்டிலேயே கடைந்த ஐஸ்கிரீம் எல்லாப் படிக்கட்டிலும் விற்கிறது. கடைக்காரப் பெண்மணி அத்திப்பழமா பாதாமா என்று கேட்டுவிட்டு, அக்கா யோசிக்கும் நேரத்தில் இரண்டையும் போட்டு ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார்.

திரும்பும்போது மேகம் கூடி இருபது நிமிடம் மழை. பெரிய துளிகள். எல்லோரும் படகின் நடுவில் ஒண்டிக்கொண்டோம். இந்தப் பருவத்தில் இது முதல் மழை என்று படகுக்காரர் முகத்தைத் தூக்கி நனைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 19, வியாழன். சிராலி

கிழக்கே போகும் பஸ்ஸில் நடத்துநர் பையன் எலுமிச்சை வாசனைத் தைலத்தைப் புட்டியோடு கொண்டுவந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஊற்றினான். அக்கா குடிப்பதா பூசுவதா என்று என்னைப் பார்த்தாள். முன்னால் இருந்தவர் கழுத்தில் தடவிக்கொண்டதும் நாங்களும் தடவிக்கொண்டோம். நாலு நாள் வியர்வைக்கு அது தேவைப்பட்டது.

கெடாத கரை என்று எழுதிக்கொண்டே வருகிறேன். வழியில் வந்த தெம்ரேயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது பொய். மலையிலிருந்து இறங்கும்போது தெரியும் சமவெளி முழுக்கப் பிளாஸ்டிக். தக்காளியும் மிளகாயும் விளையும் பசுமைக்குடில்கள் கடல்வரை பளபளக்கின்றன; கும்லுஜாவிலும் அதேதான். சம இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மனிதன் பயிரிட்டுவிட்டான். அதைக் குறை சொல்வதற்கில்லை, தினமும் காலைச் சாப்பாட்டில் அந்தத் தக்காளியைத்தான் தின்றுகொண்டிருந்தோம்.

சிராலிக்கு நெடுஞ்சாலைத் திருப்பத்தில் இறங்கி, ஆள் சேர்ந்தால் மட்டும் புறப்படும் தோல்முஷ் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். ஆள் சேரவில்லை. ஒரு மணி நேரம் போனது. கடைசியில் ஓட்டுநர் சிகரெட்டை அணைத்துவிட்டு எங்கள் இருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்கினார். வழியில் ஒரு வீட்டில் ரொட்டி மூட்டையும், இன்னொரு வீட்டில் எரிவாயு உருளையும் இறக்கினார்.

இரவு யானார்தாஷ். டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் கல்படியேற்றம், கைவிளக்கோடு. மேலே வெறும் பாறைச் சரிவில் இருபது முப்பது இடங்களில் நெருப்பு எரிகிறது. விறகு இல்லை, எண்ணெய் இல்லை. பாறைக்குள் உருவாகும் மீத்தேன் வாயு வெடிப்புகள் வழியே கசிந்து எரிகிறது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக. சிங்கத் தலையும் ஆட்டு உடலும் பாம்பு வாலுமாக நெருப்புக் கக்கிய கிமேரா இங்கேதான் வாழ்ந்தது என்பது கிரேக்கப் புராணம். ஒரு கல்லூரிப் பையன் சிறு சுவாலையைத் தொப்பியால் விசிறி அணைத்தான். அவன் நிமிர்வதற்குள் மறுபடி பற்றிக்கொண்டது. ஒரு குடும்பம் பெரிய சுவாலையொன்றில் தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அக்கா இரண்டு கையையும் நெருப்பில் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பார்க்கிறார்களே என்றேன். "நெருப்பு எந்த ஊரில் இருந்தால் என்ன?" என்றாள்.

செப்டம்பர் 20, வெள்ளி. சிராலி, ஒலிம்போஸ்

மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை, முழுக்கக் கூழாங்கல். படுத்தால் முதுகில் வலிக்கும், நடந்தால் பாதம் வலிக்கும், ஆனால் உடம்பில் ஒன்றும் ஒட்டாது. பின்னால் ஆரஞ்சுத் தோட்டங்கள், அதற்கும் பின்னால் 2,366 மீட்டர் உயரத் தாஹ்தாலி மலை. கரையை ஒட்டிய உணவகங்களில் இரவில் விளக்கைத் தாழ்த்தி வைக்கிறார்கள். ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கும், கடலுக்குப் பதிலாகச் சமையலறைக்கு வந்துவிடக் கூடாது.

காலை ஏழு மணிக்கு இரண்டு தன்னார்வப் பெண்கள் பொரித்து முடிந்த கூடு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தோள்வரை கையை விட்டு ஓடுகளை எடுத்துப் பத்துப் பத்தாகக் கற்களின் மேல் அடுக்கினாள், மற்றவள் குறித்துக்கொண்டாள். ஓடு மெல்லிய தோலாகச் சுருங்கிக் கிடந்தது. அடியில் ஒரு குஞ்சு உயிரோடு மாட்டிக்கொண்டிருந்தது; அவளுடைய உள்ளங்கையில் பாதிதான் இருந்தது. கடலிலிருந்து சில அடி தள்ளி இறக்கிவிட்டார்கள். தூக்கிப் போய் விடக் கூடாதாம், தானே நடக்க வேண்டுமாம். கூழாங்கல் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு பாறை. கவிழ்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி கவிழ்ந்தது. அக்காவால் தாங்க முடியவில்லை. "கொஞ்சம் எடுத்துவிடுங்களேன்" என்று தமிழில் கெஞ்சினாள். அந்தப் பெண்களுக்குப் புரிந்துவிட்டது, சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார்கள். எட்டு நிமிடம் ஆனது.

பிற்பகல், கரையின் தெற்கு முனையில் ஓடையைத் தாண்டி ஒலிம்போஸ் இடிபாடுகள். லிக்கிய மன்றத்தில் மூன்று வாக்கு வைத்திருந்த நகரங்களில் இதுவும் ஒன்று. பிறகு கடற்கொள்ளையர் கைக்குப் போனது. வேர்களும் கொடிகளும் சுவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. யூதேமோஸ் என்ற கப்பல் தலைவனின் சவப்பேழையில் ஒரு கப்பலைச் செதுக்கியிருக்கிறார்கள். பட்டாராவின் வெட்டவெளியைவிட இந்த நிழல் எனக்குப் பிடித்தது. கால் வலி அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 21, சனி. உலுபினார்

அந்தால்யா பஸ்ஸுக்கு முன் நெடுஞ்சாலை அருகே ஓடைக்கரை உணவகம் ஒன்றில் சாப்பாடு. ஓடும் தண்ணீரின் மேல் மேடை கட்டித் திண்டு போட்டிருக்கிறார்கள். கீழே இருந்து வரும் குளிர்ச்சியில் சூட்டின் நினைப்பே போய்விட்டது. இங்கே சிறப்பு ஆற்று மீன், மண் சட்டியில் வெண்ணெயும் தக்காளியும் போட்டுச் சுட்டது. காஷ் அனுபவத்தால் அக்கா முதலில் விலை கேட்டாள், பிறகு எடை கேட்டாள், பிறகு மீனையே பார்க்க வேண்டும் என்றாள். பரிமாறும் பையன் வலையோடு போய்த் தொட்டியிலிருந்து பிடித்துவந்து அவள் முன் தூக்கிக் காட்டினான். அது துள்ளி அவள் புடவையை நனைத்தது. 350 லிரா, ரொட்டியும் வெங்காய ஊறுகாயும் கணக்கில் சேராது.

பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அக்கா இரண்டாவது மீனுக்குச் சொல்லிவிட்டாள்.